சீமாட்டிக்கு வைத்த பொட்டு

"யாரு இதுக்குப் பொட்டு வெச்சது?"

சிட்டிபாபு போட்ட சத்தத்தில் அஸ்தினாபுரம் தெருவே எட்டிப் பார்த்திருக்கும்.

முன்னூறு வருஷத்துக்கு முந்தி எவனோ ஒரு வெள்ளைக்காரன் வரைந்த சீமாட்டி. அச்சுப் படத்தில் கட்டம் போட்டு, கேன்வாஸிலும் கட்டம் போட்டு, ஒரு மாசமாகச் சிட்டிபாபு அவளை ஆயில் பெயிண்டில் காப்பியடித்துக்கொண்டிருந்தான். பிளஸ் டூவைப் பாதியில் விட்டபிறகு உருப்படியாகச் செய்த ஒரே வேலை. அஞ்சு மணிக்குக் குரோம்பேட்டை பெயிண்டிங் கிளாஸில் காட்ட வேண்டும். அச்சு அசலாக வந்திருந்தால்தான் மாஸ்டர் அடுத்த படத்துக்கு விடுவார்.

இப்போது சீமாட்டியின் நெற்றியில், காயாத பெயிண்ட் மேல், குங்குமம்!

"நான் தொடல தம்பி" என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் அண்ணி காந்திமதி.

"உன்னை யாரு கேட்டா? உள்ள போ" என்றாள் அம்மா, முறத்திலிருந்து நிமிராமல்.

அண்ணன் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதிச் செத்து எட்டு மாசம். அன்றிலிருந்து அண்ணிக்கு வெறும் நெற்றிதான். நாலு பேர் வந்தால் வெளியே தலைகாட்டக் கூடாது. எல்லாம் அம்மா போட்ட சட்டம். அதை நினைத்தாலே சிட்டிபாபுவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

துணியை டர்பன்டைனில் நனைத்தான்.

"தொடைக்காதடா" என்றாள் அம்மா அவசரமாக.

"ஏன்? வெள்ளைக்காரிக்கு எதுக்குப் பொட்டு?"

"அது எங்க வெள்ளைக்காரி? மூக்கும் முழியும் அப்படியே நம்ம காந்திமதி. தெனம் பாக்கற மூஞ்சி, உன் கையில வந்துடுச்சி."

படத்தைப் பார்த்தான். அண்ணியேதான். நகையெல்லாம் மாட்டி, கல்யாணத்தன்று இருந்த மாதிரி.

"வெறும் நெத்தியா பாக்க முடியலடா" என்றாள் அம்மா.

அப்போதுதான் அவள் மோதிர விரலைக் கவனித்தான். நுனியில் குங்குமத்தோடு குழம்பிய பெயிண்ட். எத்தனை தடவை கழுவினாளோ, தண்ணீருக்கு ஆயில் பெயிண்ட் போகுமா?

"படத்துக்கு வெக்கத் தெரியுது. உயிரோட நிக்கிறாங்களே, அவங்களுக்கு?"

முறம் நின்றது.

"மெதுவா பேசுடா. அவ காதுல விழப்போவுது."

சிட்டிபாபு துணியை மூலையில் வீசினான்.

"அண்ணீ! குங்குமச் சிமிழ எடுத்துக்கினு வாங்க! அம்மா கூப்பிடறாங்க!"