முதலை பிடித்த தகப்பன்மார்

அன்று வெயில் ஏறுவதற்குள் தன்னாமுனையில் தகப்பன்மார் முக்கால்வாசிப் பேர் செத்துப்போனார்கள்.

செத்தவர்களில் ஐந்தாறு பேர் சனசமூக நிலையத்துத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் குந்தியிருந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். யோகராசாவும் அவர்களில் ஒருவன். அவன் கையிலிருந்த பீடி மட்டும் பற்றவில்லை. அவ்வளவு கோபம்.

கொழும்பிலிருந்து படம் எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு படை ஊருக்குள் புகுந்துவிடும். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் கண்ணாக்காட்டுக்குள் ஒளித்திருந்து உயிர் தப்புவார்கள். இதுதான் கதை. கண்ணாமரம் வாவிக்கரை முழுக்க நிற்கிறது. பிள்ளைகளைத்தான் தேட வேண்டும். நடிக்கிற பிள்ளை வேண்டாம், தகப்பன் இல்லாத அசல் பிள்ளைதான் வேண்டும், அப்போதுதான் கண்ணீர் அசலாக இருக்கும் என்று இயக்குநர் சொல்லிவிட்டாராம். நல்ல சம்பளமும் உண்டாம்.

விடிந்ததும் ஊர்ப் பெண்கள் பொட்டை அழித்தார்கள். தாலியைச் சட்டைக்குள் தள்ளினார்கள். பிள்ளைகளைத் தலை வாராமல் கூட்டிக்கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள்.

யோகராசாவின் மனைவி பிரஷாந்தியும் மகள் கம்சாயினியோடு நின்றாள்.

யோகராசாவைக் கொண்டுபோக ஷெல்லடி, சுனாமி, ஒருமுறை நெருப்புக் காய்ச்சல், எல்லாம் வந்து பார்த்துவிட்டு, இவனோடு சரிப்படாது என்று திரும்பிப் போனவை. பிரஷாந்தி அவனை ஒரே வசனத்தில் முடிக்கப் பார்த்தாள். அவள் சொல்லிவிட்டுப் போகட்டும். செத்துத் தொலை என்று சண்டையில் எத்தனையோ தரம் சொன்னதுதான். ஆனால் இங்கே கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கிறார்கள். தாய் சொல்லிக் கொடுத்ததை அது பிசகாமல் சொல்லும். மகளின் வாயால் சாக அவனுக்கு மனமில்லை. கோபத்தில் இருமல் வந்தது.

"இருமாத மச்சான்," என்று பக்கத்து வளவுச் சாமித்தம்பி அவன் தொடையில் தட்டினான். "செத்தவன் இருமப்படாது."

மேசைக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பொடியன் ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தான். முதல் பிள்ளை, அப்பாவை முதலை பிடித்துவிட்டது என்றது. அது நல்ல சாவாகப் பட்டதோ என்னவோ, பின்னால் வந்ததுகளும் அதையே சொல்லின. ஒரே ஒரு முதலை வாவிக்குள் இருந்துகொண்டு தன்னாமுனைத் தகப்பன்மாரை வரிசையாக விழுங்கியிருந்தது. சாமித்தம்பியை மட்டும் இரண்டு தரம் விழுங்கியது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் வேறு வேறு வருஷம் சொல்லின.

ஆமி பிடித்துக்கொண்டு போனது என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. பொய்க்குக்கூட அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு தாய்க்கும் துணிவில்லை.

பிரஷாந்திக்கு முன்னால் நின்றவளை ஊரில் யாருக்கும் தெரியாது. கல்குடாப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள், பெயர் நிருஷா என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். அத்தனை பேரிலும் அவள் நெற்றியில் மட்டும்தான் பொட்டு இருந்தது. பெரிய குங்குமப் பொட்டு. கையைப் பிடித்தபடி ஒரு பெண்பிள்ளை.

"அப்பா?" என்றான் பொடியன்.

"இரிக்கார்," என்றாள் நிருஷா, பிள்ளை வாய் திறக்கும் முன்.

வரிசை சிரித்தது. யோகராசாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஒருத்தியாவது புருஷனை உயிரோடு வைத்திருக்கிறாளே.

"பாத்தியா, பொம்பிளையெண்டா அது," என்று சாமித்தம்பியின் விலாவில் இடித்தான்.

"அப்பா இருந்தா எடுக்க ஏலாது அக்கா," என்றான் பொடியன். "எங்க வேலை செய்றார்?"

"விசாரிச்சிட்டு விடுறம் எண்டு கூட்டிட்டுப் போனாங்க. இவள் அப்ப வயித்துக்குள்ள." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இன்னும் விடல்ல."

சிரிப்பு நின்றது.

பொடியன் வான் வண்டிக்குள் இருந்த இயக்குநரிடம் ஓடிப்போய்த் திரும்பி வந்தான். முகத்தில் புதையல் எடுத்தவனின் களை. இந்தப் பிள்ளைதான் வேண்டுமாம். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாமாம். கமெராவுக்கு முன்னால் ஒருதரம், அப்பா செத்துவிட்டார் என்று பிள்ளை சொன்னால் போதுமாம். தாய் அந்தப் பொட்டை மட்டும் அழித்துவிடட்டுமாம்.

நிருஷா அவனை ஒருதரம் பார்த்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் படலையை நோக்கி நடந்தாள்.

"சரி, அடுத்தது," என்றான் பொடியன்.

கம்சாயினி முன்னே வந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி வாயைத் திறந்தாள்.

யோகராசா எழுந்தான். கோபம் யார்மேல் என்று அவனுக்கே பிடிபடவில்லை. மனைவிமேலா, கண்ணாடிக்காரன்மேலா, கூட்டிக்கொண்டுபோய் இன்னும் விசாரித்து முடிக்காதவர்கள்மேலா. காலுக்கு எட்டியது தண்ணீர்த் தாங்கிதான். ஓங்கி ஓர் உதை விட்டான்.

வெறும் பிளாஸ்டிக் தாங்கி. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இடி விழுந்த மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு உருண்டு போயிற்று.

எல்லாரும் திரும்பினார்கள். தாங்கி நின்ற இடத்தில் செத்தவர்கள் பீடியும் கையுமாக வெயிலில் குந்தியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராக எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

படலையடியில் நிருஷாவின் பிள்ளையும் திரும்பியது. தாய் கையை இழுத்தாள். அது அசையவில்லை.

ஒளித்திருந்து எழும்பி வந்த ஆண்களின் முகங்களை அது ஒவ்வொன்றாகப் பார்த்தது. சாமித்தம்பியைப் பார்த்தது. பிறகு யோகராசாவைப் பார்த்தது. அவ்வளவு நேரம் யாரும் அவனைப் பார்த்ததில்லை.

"அப்பா," என்று கம்சாயினி கூப்பிட்டாள்.

அந்தப் பிள்ளை அவனை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவனின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியது.