மூலையில் ஓடுகிறவன்

எங்கள் அலுவலகத்தின் இந்த சர்வரை நிறுவிய மங்கையர்க்கரசி மேடத்தைக் காலையில் வேலையைவிட்டு நீக்கிவிட்டு, அதிலுள்ள அவர் பயனர் கணக்கை அழிக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். மெனு இல்லாமல் ஒரு கட்டளைகூட அடிக்கத் தெரியாத என்னை!

'பயனரை நீக்கு' என்பதைத் தேர்ந்து எண்டர் தட்டினேன். திரையின் மூலையில் குட்டி மனிதன் ஓடினான். வேலை முடிந்தால் கையை உயர்த்துவான். முடியாவிட்டால் குப்புற விழுவான். விழுந்தான்.

"என்னய்யா?" என்றார் மேனேஜர்.

"மேடம் இன்னும் சர்வர்ல லாகின் ஆகித்தான் இருக்காங்க சார். அவங்க ஃபைலையெல்லாம் காப்பி எடுத்துக்கிட்டிருக்காங்கன்னு காட்டுது."

"வெளியே தள்ளுய்யா!"

"அது மெனுவில இல்லையே சார்."

"கமாண்டு தெரியாதா?"

"தெரியாது சார்." முதன்முறையாக அதைப் பெருமையோடு சொன்னேன்.

"மறுபடி தட்டு."

தட்டினேன். குட்டி மனிதன் ஓடத் தொடங்கினான். விழுடா ராசா, விழு.