சும்மா கிடந்த வானம்

றிஸ்லா கீறிய சித்திரக்கதையில், கல்முனைக் கடலுக்கு மேலே ஒரு பெண்பிள்ளை சிறகு விரித்துப் பறந்துகொண்டிருந்தாள்.

“அவள அழிச்சிடுங்க தங்கச்சி,” என்றார் சிறுவர் சஞ்சிகையின் ஆசிரியர் ஜவாத்.

“ஆரு சேர் வேணாண்டு சொன்ன?”

“ஒருத்தரும் சொல்லல்ல. பள்ளிவாசல் தலைவர் கண்டா ஏசுவார். அவர் சொல்ல முந்தி நாமளே அழிக்கிறது நல்லம்.”

மனமில்லாமல் அழித்தாள். வெறும் வானம் அச்சேறியது.

மறுவாரம் தலைவரே சஞ்சிகையோடு வந்தார். ஜவாத் பதறி எழுந்தார்.

“இவ்வளவு பெரிய வானத்த ஏன் தம்பி சும்மா உட்டீங்க? பறக்க ஒண்டுமில்லையெண்டு பேத்தி ஒரே அழுகை. நானே ஒண்டு கீறிக் குடுத்தன்.”

றிஸ்லா எட்டிப் பார்த்தாள். நீல வானத்தில், பென்சிலால் கீறிய கோணல் யானையொன்று காதுகளை விரித்தபடி ஆறுதலாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.