சிவப்புக் கம்பளித் தொப்பி

"ஜப்பான்காரனுக்காக நம்ம ஊர்ல கையேந்துறீங்களா? அவன்கிட்ட இல்லாத காசா நம்மகிட்ட இருக்கு?"

இந்தோனேசியாவின் ஆச்சேயில் அரிசிக் கடை வைத்திருந்த முக்தார் கல்லாவை விட்டு எழுந்திருக்கவேயில்லை. வாசலில் இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் நின்றார்கள். மூத்தவளின் சட்டையில் நுஸூலா என்று பெயர் தைத்திருந்தது. ஒரு கையில் தட்டு நிறைய திம்பான், வாழையிலையில் பொதிந்து அவித்த பலகாரம். இன்னொரு கையில், காசு வாங்குவதற்கென்று, ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி.

"அங்க கடல் ஏறின ஊர்ல ஒரு அநாதை இல்லம் இருக்கு பாக். அந்தப் பிள்ளைங்களுக்குத்தான்," என்றாள் நுஸூலா, பெரியவர்களை 'ஐயா' என்பதுபோல் அழைக்கும் 'பாக்' என்ற சொல்லோடு. "இப்ப அங்க குளிர்காலம். கூரைகூட இன்னும் முழுசாப் போடலையாம். நாளைக்குப் பணம் அனுப்புறாங்க. எங்க தொப்பி இன்னும் காலியாவே இருக்கு."

முக்தார் ஒரு திம்பானைப் பிரித்து வாயில் போட்டார். குறை சொல்லலாம் என்று பார்த்தால் நன்றாக இருந்து தொலைத்தது.

"யார் செஞ்சது? உங்கம்மாவா?"

"வீட்ல எல்லாரும் சேர்ந்து."

"பெரிய குடும்பமோ?"

"ரொம்பப் பெருசு," என்று சின்னவள் முந்திக்கொண்டாள். நுஸூலா அவளை முழங்கையால் இடித்தாள்.

"அது சரி, கொளுத்துற வெயில்ல எதுக்குக் கம்பளித் தொப்பி?"

"நம்ம ஊருக்குள்ள கடல் வந்தப்போ அந்த இல்லத்துப் பிள்ளைங்க பின்னி அனுப்பினது பாக். பெட்டி பெட்டியா வந்துச்சாம்."

முக்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆச்சேக்குக் கம்பளித் தொப்பி! நல்ல புத்திசாலிங்க."

"அவங்ககிட்ட இருந்தது அதுதான்," என்றாள் நுஸூலா. அவள் சிரிக்கவில்லை.

முக்தார் கஞ்சர் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு மூட்டை அரிசி, ஒரு டின் எண்ணெய், அடுக்கடுக்காய் முட்டை, எல்லாம் கட்டித் தயாராக இருந்தன. போன மாதம் அவருடைய ஒரே மகன் டெங்குக் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தான். ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அவர் நேர்ந்துகொண்டார்: பையன் பிழைத்து வந்தால், அநாதைகளுக்கு எல்லாரும் விருந்து வைக்கும் இந்த முஹர்ரம் மாதத்தில் நம் ஊர் அநாதைப் பிள்ளைகளுக்கு என் கையாலேயே கொடுப்பேன், அவர்கள் தலையைத் தடவி அவனுக்காக துஆ கேட்பேன். பையன் பிழைத்துவிட்டான். நேற்று கோழி வறுவல் வேண்டும் என்று அடம்பிடித்தான். அந்த அடத்தைப் பார்த்து அடுப்படியில் நின்று அழுதவர் முக்தார். இறைவனுக்குக் கொடுத்த வாக்கில் ஒரு பிடி அரிசிகூடக் குறையக்கூடாது என்பது அவர் பிடிவாதம்.

அதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லி, மூட்டைகளைக் காட்டினார்.

"இது ஆத்தங்கரை இல்லத்துக்கு. நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு. இதுல ஒரு முட்டைகூட ஜப்பானுக்குப் போகாது. நீங்களும் முதல்ல அங்க போய்ப் பாருங்க. அப்பா அம்மா நிழல்ல சொகுசா இருக்கற பிள்ளைங்களுக்குப் பக்கத்துத் தெருப் பசி எங்க தெரியுது?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்துவது போல முக்காட்டு நுனியால் பொத்திக்கொண்டாள். முக்தாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்கயும் கேட்டாச்சு பாக்," என்றாள் நுஸூலா நிதானமாக. "இந்த மாசம் எந்த வீட்டைப் பாத்தாலும் கூப்பிட்டு விருந்து வைக்கிறாங்க, எங்களுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு, முதல்ல அவங்களுக்குக் குடுங்கன்னுட்டாங்க."

"அதெல்லாம் வாய் வார்த்தைக்குச் சொல்றது. பாவம், கேக்கத் தெரியாத பிள்ளைங்க."

தின்ற ஒரு திம்பானுக்கு மட்டும் சில்லறையை எடுத்துத் தொப்பியில் போட்டார். நுஸூலா அதையே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி பாக். உங்க மகன் நல்லா இருக்கணும். நான் துஆ செய்றேன்."

"அதுக்கு அநாதைப் பிள்ளைங்க துஆ வருது. நீ வீடு போய்ச் சேரு."

சொன்ன பிறகு கொஞ்சம் உறுத்தியது. பெண் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினாள். ஆனாலும் நேர்ச்சை நேர்ச்சைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சாயங்காலம் கடையை அடைத்தார். மூட்டைகளை மோட்டார் ரிக்‌ஷாவில் ஏற்றி, முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆற்றங்கரை இல்லத்துக்குக் கிளம்பினார். வழியெல்லாம் மகனை நினைத்து நன்றி சொல்லிக்கொண்டே போனார். முதலில் எந்தப் பிள்ளை எதிரே வருகிறதோ அதன் தலையைத் தடவிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வாசல் மணியை அடித்தார். உள்ளே முற்றத்தில் ஒரு பாயைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம். ஆளுக்கொரு கம்பளித் தொப்பியைப் பாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீருடைகூட மாற்றாமல் ஓடி வந்து கம்பிக் கதவைத் திறந்தவள் நுஸூலா.

தலையைத் தடவ நீண்ட கை அந்தரத்தில் நின்றது. முக்தார் அவள் சட்டையில் தைத்திருந்த பெயரை மறுபடி பார்த்தார். "கடையிலயே சொல்லியிருக்கலாமே புள்ள…"

"சொல்லியிருந்தா எங்களுக்குல்ல குடுத்திருப்பீங்க," என்றாள் அவள், சிவப்புத் தொப்பியை மறுபடியும் அவர் முன் நீட்டியபடி.