சுவரில் எழுதிய நம்பர்

"அறிவழகன் சார், உங்க பேய் கேமை நாங்களே வாங்கி விக்கிறோம்" என்றாள் சென்னைக் கம்பெனியின் கயல்விழி, போனில்.

விருத்தாசலத்தில் ஓர் ஒற்றை அறைக்குள் ஐந்து வருடம் தனியாளாய் உட்கார்ந்து உருவாக்கிய கேம். அறிவழகனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அதுல எது புடிச்சுதுங்க?"

"பூட்டின பீங்கான் ஆலைச் சுவத்துல ஒரு போன் நம்பர் எழுதியிருக்கீங்களே, அதுதான். விளையாடிப் பார்த்த எல்லாரும் அதுக்குப் போன் போடுறாங்க."

அவன் சிரித்தான். "யாரும் எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதாங்க அந்த நம்பரப் போட்டேன்."

"சும்மா சொல்லாதீங்க சார்! ஒரு லேடி எடுத்துப் பேசுறாங்களே. என்ன குரல்! யாரு நடிச்சது?"

"என்ன பேசுனாங்க?"

"எல்லார்கிட்டயும் ஒரே பேச்சுதான். ‘அவரு கம்ப்யூட்டர வுட்டு எழுந்தாராங்க? சோறு ஆறுது. வூட்டுக்கு வரச் சொல்லுங்க.’"

அறிவழகன் மேசை டிராயரை இழுத்தான். மூன்று வருடத்துக்கு முன், மனைவி பெரியநாயகி இறந்த அன்று அணைத்துப் போட்ட அவளுடைய போன், தூசி மூடி அப்படியே கிடந்தது.

கையில் எடுத்தான். இப்போதுதான் யாரோ நெடுநேரம் பேசிவிட்டு வைத்ததுபோல் சூடாக இருந்தது.