ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி

இன்னும் கடைக்கு வராத சர்க்கரை மருந்தை நிறையப் பேருக்குப் போட்டுப் பார்க்கும் ஆய்வில் தங்கப்பழமும் சேர்ந்திருந்தார். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடும் நர்ஸுக்கும் தெரியாது. ஆனால் தனக்கு மருந்துதான் என்பதில் தங்கப்பழத்துக்குச் சந்தேகமில்லை. இரண்டு வருடமாக ஆறாத கால்புண் ஆறிவிட்டதே!

ஏழாவது மாதம் நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள்.

“இன்னொரு தடவ கையெழுத்துப் போடணும் சார். அதே பழைய ஃபாரம்தான்.”

அச்சகத்தில் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவர் அவர். படிக்காமல் போடுவாரா? ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது: ‘கணையம் திடீரென வீங்கக்கூடும்.’

“இது மொதல்ல இல்லியேம்மா?”

“சும்மா சேத்திருக்காங்க சார்.”

வழக்கமாக அவருக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ளும் மெஹருன்னிசாவை அன்று காணவில்லை. தங்கப்பழத்தைப் போலவே அந்த அம்மாவுக்கும் சர்க்கரை மளமளவென்று இறங்கியிருந்தது.

“மெஹருன்னிசாம்மா வரலியா?”

“வெலகிட்டாங்க சார்.”

“அவங்களே வந்து சொன்னாங்களா?”

நர்ஸ் டாக்டரின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். “இல்ல. அவங்க மகன் வந்து சொன்னாரு.”

தங்கப்பழம் பேனாவை மூடி அவளிடமே கொடுத்தார்.

“அவங்க மகன் நம்பரக் குடும்மா. ஒரு வார்த்த பேசிட்டு வந்து போடுறேன்.”