மூடாத டிக்கி

சாப்பிடப் போன தர்மராஜ், போனை மறந்து வைத்துவிட்டோமே என்று தன் பட்டறைக்குத் திரும்பி வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

வேலை முடிந்து நிற்கும் சிவப்புக் காரின் முன் டிக்கி திறந்து கிடந்தது. டிங்கர் செல்வராசா அதன் கீலில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். மூடிப் பார்த்தார். ஒரு பக்கம் விரல் நுழைகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பாடா என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னண்ணே இது? நல்லா இருந்ததை நீங்களே கெடுக்குறீங்க?"

செல்வராசா திடுக்கிட்டுத் திரும்பினார்.

அது ரெண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். உப்புக்காற்றில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துதான் தொண்டியிலிருந்து வந்தது. அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வைத்து, படுத்துக் கிடந்த ஸ்டெப்னியை நிமிர்த்தி, ரெண்டு பெட்டி வைக்க இடம் பண்ணியதெல்லாம் செல்வராசாவின் கைவேலை.

ஆனாலும் காரின் சொந்தக்காரர் ஹமீது சுல்தான் வாராவாரம் வந்து ஒரு குறை சொல்வார். மூடி சரியாக உட்காரவில்லை என்பார். தண்ணீர் ஒழுகுகிறது என்பார்.

'மகனைக் கடலுக்குக் குடுத்துட்டு, மண்டபம் அகதி முகாம்லருந்து பஸ் ஏறி வந்து வேலை பார்க்குற மனுசன் செல்வராசாண்ணன். இவரைப் போய் இந்தப் பாடு படுத்துறாரே' என்று தர்மராஜ் மனதுக்குள் பலமுறை திட்டியிருக்கிறார்.

இப்போது பார்த்தால் கோளாறு இவரிடம்.

"வேலையை இழுத்தடிக்கவா இப்படிப் பண்றீங்க?"

"ஓம் தம்பி. இழுக்கத்தான்."

தர்மராஜுக்குச் சுருக்கென்றது.

செல்வராசா மூடியில் கை வைத்தபடி சொன்னார்: "இந்தக் காரை வாங்கினது அவரின்ட மகன். வாப்பாவும் உம்மாவும் ஊர் சுத்திப் பார்க்கோணும், அதுக்கு ரெண்டு பெட்டி வைக்க இடம் வேணும் எண்டு டிக்கியைப் பிரிச்சவன். பாதியில பைக் விபத்தில போயிட்டான். வீட்டில அவன்ட பேரை எடுத்தாலே அந்த அம்மா மயங்கி விழுறாவாம். இஞ்ச வந்துதான் அவர் மகனைப் பற்றிக் கதைக்கிறார். வேலை முடிஞ்சுது எண்டு சாவியைக் குடுத்தா, அவர் எங்க போய்க் கதைப்பார்?"

தர்மராஜ் மறந்து வைத்த போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது சரிண்ணே. ஆனா நம்மளை நம்பி வண்டியை விட்டவர்கிட்ட இதை எப்படி மறைக்கிறது?"

செல்வராசா தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் ஹமீது சுல்தான் வந்தார். நேரே காரிடம் போய் மூடியைத் தடவினார்.

"செல்வராசா, இந்தப் பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதே!"

"ஓம் ஐயா. செய்து தாறன். இருங்கோ, தேத்தண்ணி வாங்கி வாறன்."

அவர் வெளியே போனதும் தர்மராஜ் பக்கத்தில் வந்தார்.

"பாய், தப்பா நினைக்காதீங்க. உங்க வண்டி வேலை எப்பவோ முடிஞ்சிருச்சு. அந்த மூடியை அவருதான் வேணும்னே கோணலாக்குறாரு. உங்க மேல உள்ள பிரியத்துலதான்..."

"தெரியும் தம்பி."

தர்மராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"போன வாரம் தண்ணி ஒழுகுதுன்னு நான் சொன்னது மட்டும் உண்மையாக்கும்? ஒரு சொட்டு ஒழுகலை."

"அப்புறம் எதுக்கு பாய்?"

ஹமீது சுல்தான் டீக்கடைப் பக்கம் பார்த்தார். ரெண்டு கிளாசையும் சிந்தாமல் பிடித்துக்கொண்டு செல்வராசா ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

"அவரு மகன் பேரு நிமலன். உங்களுக்குத் தெரியுமா? படகுல வரும்போது அவன் கையை விட்டுட்டேன்னு சொல்லி, இந்த டிக்கி மேல சாஞ்சுக்கிட்டுத்தான் அந்த மனுசன் முதல்முதலா அழுதாரு. நான் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டா, அவரு யாருகிட்ட தம்பி அழுவாரு?"